ஏழாம் நம்பர் நின்ற இடம்

ஜனவரி 6

அன்புள்ள அண்ணனுக்கு,

எனக்கு இருமல் விட்டுவிட்டது, மற்றபடி குறையில்லை. அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது, அண்ணிக்குத் தையல் வேலை தொடர்ந்து வருகிறதா என்று மறக்காமல் எழுது.

நல்ல செய்தியை முதலில் சொல்கிறேன். வேலை நிரந்தரமாகிவிட்டது. 'நம்ம வீட்டுல ஒண்ணே ஒண்ணு டிகிரி வாங்குச்சு, அதுவும் வாயத் திறந்தா காத்துதான் வருது' என்று கிண்டல் செய்வாயே, அந்த வாய் இப்போது தினமும் நாற்பது பேருக்கு முன்னால் பேசுகிறது.

எல்லாம் ஒரு விளையாட்டால் வந்தது. மியூசியமாவதற்கு முன்பு இந்த மாளிகையில் இருந்த குடும்பம் வேலைக்காரர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. வேலைக்கு ஓர் எண். சமையல்காரர் ஒன்று, வண்டிக்காரர் நான்கு, சலவைக்காரி ஏழு. ஆள் போனாலும் எண் போகாது; அடுத்து வருகிறவள் அதே எண் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு ஏழாகிவிடுவாள். வேலைக்காரர் பதிவேட்டில் ஒரு வரி கிடைத்தது: 'ஏழு. கால் கட்டி சோப்புத் திருட்டு. ஈரத்துணி மூட்டையைத் தலையில் வைத்துக் கல்லின் மேல், காலை முதல் விளக்கு வைக்கும் வரை.'

பார்வையாளர்கள் சலவைக்கூடத்துக்கு வரும்போது கால் வலித்து, கொட்டாவி விட்டுக்கொண்டு நிற்பார்கள். அதனால் அங்கே கொல்லையில் அந்தக் கல்லைக் காட்டி, "இன்னைக்கு யாரு ஏழாம் நம்பர்?" என்று கேட்கிறேன். யாராவது ஒருவர் ஏறி நிற்பார். தலையில் ஈர மூட்டை. எல்லோரும் சேர்ந்து அறுபது வரை எண்ணுவோம். தண்ணீர் மூக்கில் வடியும், ஒரே சிரிப்பு. பார்வையாளர் புத்தகத்தில் பாதிப் பேர் இதைத்தான் எழுதுகிறார்கள். காப்பாட்சியர் என்னைக் கூப்பிட்டு, "இதைத்தான்மா இத்தனை வருஷமா தேடிக்கிட்டிருந்தேன்" என்றார்.

அம்மாவையும் அண்ணியையும் கூட்டிக்கொண்டு ஒருநாள் வா. நான் பேசுவதை நீங்கள் யாருமே கேட்டதில்லை.

அன்புடன்,
உன் தங்கை


ஜனவரி 19

அன்புத் தங்கைக்கு,

இங்கே எல்லோரும் நடமாடிக்கொண்டுதான் இருக்கிறோம். அம்மாவுக்கு வலது முழங்கால் மட்டும் காலையில் மக்கர் செய்கிறது, பட்டறைக்கு வரும் பழைய பஸ் மாதிரி. சூடேறினால் ஓடும்.

உன் கடிதத்தை வழக்கம்போல் சாப்பாடு முடிந்ததும் சத்தமாகப் படித்தேன். மூட்டைத் தண்ணீர் மூக்கில் வடிகிற இடத்தில் அண்ணிக்குச் சிரித்துச் சிரித்துப் புரை ஏறிவிட்டது. "நம்ம ஊமைக்குயிலா இது?" என்றாள். அம்மா தட்டு கழுவிக்கொண்டிருந்தாள். கழுவி முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "கல்லு கொல்லையில இல்லயே. முன்வாசல்ல, வண்டி வந்து நிக்கிற எடத்துல இருக்கும்" என்றாள். "உனக்கு எப்படிம்மா தெரியும்?" என்றால், "பெரிய வீடுன்னா அப்படித்தான் இருக்கும்" என்கிறாள். கல்யாணத்துக்கு முன்னால் ஏதோ பெரிய வீட்டில் வேலை பார்த்தாளாம் அல்லவா, எல்லா வீடும் அதேபோல் என்று நினைப்பு.

ஆனால் ஒன்று. தனக்கென்று எதுவும் கேட்காத அம்மா, உன் மியூசியத்தைப் பார்க்க வேண்டும் என்று அவளாகவே சொன்னாள். பிப்ரவரி கடைசியில் லீவு சொல்கிறேன். உட்கார இடம் இருக்குமா? படி எத்தனை? செருப்பைக் கழற்றச் சொல்வார்களா? எல்லாம் விவரமாக எழுது, நிரந்தர ஆபீசரம்மா.

அண்ணன்


பிப்ரவரி 1
(எழுதி, அனுப்பாத கடிதம்)

அண்ணா,

இந்தக் கடிதத்தில் யாருடைய உடம்பையும் விசாரிக்க என்னால் முடியவில்லை.

அம்மா சொன்னது சரி. பழைய படங்கள் வைத்திருக்கும் அலமாரியில் தேடினேன். ஒரு விருந்து நாள் படம். முன்வாசலில் ஐந்து வண்டிகள். விருந்தாளிகள் இறங்குகிறார்கள். அவர்கள் கால் வைத்து இறங்கத்தான் அந்தக் கல். வண்டிகளை நிறுத்த இடம் வேண்டுமென்று பிற்காலத்தில்தான் அதைக் கொல்லைக்குத் தள்ளியிருக்கிறார்கள். இங்கே வேலை பார்க்கும் எங்களில் யாருக்கும் தெரியாத விஷயம்.

பிறகு பதிவேட்டை முன்பக்கத்திலிருந்து படித்தேன். நான் இதுவரை அந்த ஒரு வரியைத்தான் படித்திருந்தேன். வேலைக்குச் சேர்த்த நாளில் ஒவ்வொருவருக்கும் அங்க அடையாளம் எழுதியிருக்கிறார்கள். அந்த வருடத்து ஏழுக்கு: 'வயது பதினாறு. இடது புருவத்தைப் பிளந்து ஒரு தழும்பு. வலக்கைச் சுண்டுவிரல் உள்பக்கம் வளைந்தது.' கீழே கைநாட்டு.

நாம் சின்ன வயதில் அந்த விரலை நிமிர்த்தி நிமிர்த்தி விட்டு விளையாடுவோமே. அது திரும்ப வளைந்துகொள்ளும். அம்மா சிரிப்பாள்.

எனக்கு இந்த ஊரில் வேலை கிடைத்தது என்றதும் அம்மா "அந்த ஊரா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனது ஞாபகம் இருக்கிறதா? நாம் தூரம் என்று வருத்தப்படுகிறாள் என்று நினைத்தோம்.

நான் சிரிக்கச் சிரிக்க எழுதியதை நீ அம்மாவுக்கே படித்துக் காட்டியிருக்கிறாய். அம்மாவுக்குத் தெரியும். எனக்குத் தெரிந்துவிட்டது என்பது அம்மாவுக்குத் தெரியக் கூடாது. அம்மா இங்கே வருவதற்குள் இந்த விளையாட்டை நிறுத்தியாக வேண்டும். எப்படி என்று


பிப்ரவரி 1

அன்புள்ள அண்ணனுக்கு,

நலமாக இருக்கிறேன். அம்மாவின் காலுக்கு வெந்நீர் ஒத்தடம் தொடர்ந்து கொடுங்கள்.

நீங்கள் வருவதாகச் சொன்னதில் சந்தோஷம். ஆனால் பிப்ரவரியில் வேண்டாம். கூரையைப் பிரித்து வேலை நடக்கிறது. பாதி அறைகளைப் பூட்டிவிட்டார்கள், தூசி வேறு. ஏப்ரலில் பார்க்கலாம். படிகள் மொத்தம் முப்பத்தெட்டு. செருப்போடு போகலாம்.

அன்புடன்,
தங்கை


பிப்ரவரி 20

அன்புத் தங்கைக்கு,

நாங்கள் சௌக்கியம். உன் கடிதம் ஏன் இவ்வளவு சின்னது? ஆபீசில் தாளுக்குப் பஞ்சமா?

சரி, ஏப்ரல் இரண்டாவது வாரம். முப்பத்தெட்டு படி என்று படித்ததிலிருந்து அம்மா சாயங்காலம் தெருமுனை வரை நடந்து பழகுகிறாள். முதல் நாள் மூன்றாவது வீடு. இப்போது மருந்துக்கடை வரை. அண்ணி பின்னாலேயே ஒரு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போகிறாள். தெருவே பார்த்துச் சிரிக்கிறது. "ஓட்டப்பந்தயமா?" என்று மருந்துக்கடைக்காரர் கேட்டதற்கு, "எம் பொண்ணு பேசறதக் கேக்கப் போறேன்" என்று அம்மா சொன்னாளாம்.

கூரை வேலை என்றதும், "சலவைக்கூடத்துக் கூரையா? அது எப்பவும் ஒழுகும்" என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அண்ணி பஸ் சீட்டுக்கு ஒரு மெத்தை தைத்துவிட்டாள். பஸ் மூன்றரை மணி நேரமாமே.

அண்ணன்


ஏப்ரல் 3

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் எல்லோருக்கும் உடம்பு நன்றாக இருக்கும் என்று நம்புகிறேன். பதில் எழுத நாளாகிவிட்டது, மன்னித்துக்கொள்.

ஏப்ரலும் சரிப்படாது போலிருக்கிறது. பள்ளி விடுமுறைக் கூட்டம். அம்மாவால் அந்த நெரிசலில் நிற்க முடியாது. மழைக்காலம் முடிந்தபின் வாருங்கள். தவிர, நான் இப்போது பார்வையாளர்களைக் கூட்டிக்கொண்டு போவதில்லை. தொண்டை சரியில்லை என்று சொல்லி, பதிவேட்டு அறைக்கு மாற்றிக்கொண்டேன். நீங்கள் வந்தாலும் நான் பேசுவதைக் கேட்க முடியாது.

அண்ணியிடம் மெத்தையைப் பத்திரமாக வைக்கச் சொல்.

தங்கை


ஏப்ரல் 24

தங்கைக்கு,

நாங்கள் உயிரோடு இருக்கிறோம்.

முதலில் கூரை. பிறகு கூட்டம். இனி மழை. அடுத்து என்ன, பூகம்பமா? உன் கடிதத்தைப் படித்துவிட்டு நான் அம்மா முகத்தைப் பார்க்கவில்லை. அம்மா மறுநாளும் மருந்துக்கடை வரை நடந்தாள்.

நான் பத்தாவதோடு நின்றவன். ஆனால் மரமண்டை இல்லை. எண்ணெய்க் கறை போகாத கையோடு நானும், கைநாட்டு வைக்கிற அம்மாவும் அங்கே வந்து நின்று, "இவள் எங்கள் வீட்டுப் பெண்" என்று சொல்லிவிடுவோமோ என்று உனக்குப் பயம். அப்படியே இருக்கட்டும். உன் பெயரை நாங்கள் அங்கே சொல்லமாட்டோம். அம்மா பார்க்க ஆசைப்பட்டது அந்த வீட்டை. அதற்கு டிக்கெட் போதும்.

அண்ணன்


மே 10
(பட்டறை விலாசத்துக்கு)

அண்ணா,

இதை வீட்டுக்கு எடுத்துப் போகாதே. பட்டறையிலேயே படி. உட்கார்ந்து படி.

என் முதல் கடிதத்தில் எழுதிய ஏழாம் நம்பர் நம் அம்மா. பதிவேட்டில் புருவத் தழும்பும் வளைந்த சுண்டுவிரலும் எழுதியிருக்கிறது. அம்மா சொன்ன இடத்தில்தான் கல் இருந்தது. பதினாறு வயதில், வண்டியில் வந்து இறங்கிய ஒவ்வொருவர் கண்ணிலும் படும்படி நிறுத்தியிருக்கிறார்கள்.

மூன்று மாதமாக அந்த விளையாட்டை நிறுத்தப் பார்க்கிறேன். காப்பாட்சியர் நல்ல மனிதர்தான். "கூட்டம் இதுக்குத்தான்மா வருது. நிறுத்தணும்னா காரணத்த எழுதிக் குடு, மேல அனுப்பறேன்" என்றார். நானும் தாளை எடுத்து வைத்தேன். காரணம் என்ற இடத்தில் 'வயதானவர்களுக்கு ஆபத்து' என்று எழுதினேன். 'தரை வழுக்குகிறது' என்று எழுதினேன். தரையில் பாய் போட்டுவிட்டார்கள். 'அது என் அம்மா' என்று எழுதக் கை வரவில்லை. நீ எழுதியதில் பாதி உண்மை, அண்ணா. அந்தப் பாதிதான் என்னைத் தின்கிறது.

நான் விட்டாலும் விளையாட்டு நிற்கவில்லை. புது வழிகாட்டி நடத்துகிறார், என்னைவிட நன்றாக. வரும் பதினாறாம் தேதி தலைமை அலுவலகத்துக்குப் போகிறேன். நேரில் சொல்லிவிடுவேன். அதுவரை அம்மாவை எப்படியாவது நிறுத்தி வை.

தங்கை


மே 21

தங்கைக்கு,

நீ எப்படி இருக்கிறாய் என்று தெரியவில்லை. அம்மாவுக்குக் கால் வீங்கியிருக்கிறது. கட்டுப் போட்டிருக்கிறோம். காய்ச்சல் இல்லை.

உன் கடிதம் இன்று காலையில்தான் என் கைக்கு வந்தது. முதலாளி வீட்டில் கல்யாணம் என்று பட்டறையை ஒரு வாரம் மூடியிருந்தோம். அந்த லீவில்தான் நாங்கள் கிளம்பினோம். பதினாறாம் தேதி. நீ தலைமை அலுவலகத்தில் இருந்த அன்று.

நடந்ததை நீ வேறு யார் வாயிலிருந்தும் கேட்கக் கூடாது. அதனால் எழுதுகிறேன்.

கோபத்தில் நான் உன் பெயரைச் சொல்லவில்லை. மற்றவர்களைப் போல டிக்கெட் வாங்கி வரிசையில் நின்றோம். அம்மா முன்வாசலில் நுழைய யோசித்தாள். "இந்தப் பக்கமா போலாமா?" என்று என்னைக் கேட்டாள். "டிக்கெட் வாங்கியாச்சும்மா, நட" என்றேன். உள்ளே எதையும் நின்று பார்க்கவில்லை. வழிகாட்டிகளின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டே வந்தாள்.

சலவைக்கூடத்தில் நீ எழுதிய அந்தப் புது வழிகாட்டி மைக்கில், "இன்னைக்கு யாரு ஏழாம் நம்பர்?" என்றான். பிள்ளைகள் முண்டியடித்தார்கள். பார்த்தால், அம்மா கை தூக்கி நிற்கிறாள். எல்லோரும் கைதட்டினார்கள். "அட, பாட்டிம்மா! நம்ம பாட்டிம்மாவுக்கு வழி விடுங்கப்பா!" அண்ணிக்கும் எனக்கும் பெருமை. வயசான காலத்தில் என்ன துணிச்சல் என்று. அவன் மூட்டையைத் தலையில் வைத்ததும் அம்மா, "இப்படி இல்ல தம்பி, முடிச்சு பின்னால வரணும். இல்லன்னா கழுத்து போயிடும்" என்று தானே திருப்பி வைத்தாள். அதற்கும் சிரித்தார்கள்.

எண்ணினோம். நானும் எண்ணினேன். எல்லோரையும்விடச் சத்தமாக எண்ணினேன்.

அறுபது ஆயிற்று. அம்மா இறங்கவில்லை. "போதும் பாட்டி, எறங்குங்க. உங்கள மன்னிச்சாச்சு" என்றான் அவன். அம்மா, "யாரு மன்னிச்சா?" என்று கேட்டாள். கோபமாக இல்லை. தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரி. அவன் மைக்கை அணைத்தான். கூட்டத்தைச் சமையலறைக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டான்.

நான் போய்க் கையைப் பிடித்தேன். "தள்ளி நில்லு. ஆளுங்க பாப்பாங்க" என்றாள். அடுத்தடுத்து மூன்று கூட்டம் வந்தது. யாரோ ஏற்கெனவே நிற்கிறார்களே என்று ஒதுங்கிப் போனார்கள். சிலர் படம் எடுத்தார்கள். மூடும் மணி அடித்தபோதுதான் இறங்கினாள். இறங்கவில்லை, கால் மடங்கியது, நான் தாங்கினேன். அண்ணி மூட்டையைத் தூக்கி எறிந்துவிட்டு அழுதாள்.

பஸ்ஸில் அம்மா தூங்கிவிட்டாள். நான் ஏன் என்று தெரியாமல் பயந்துபோய் உட்கார்ந்திருந்தேன். இன்று உன் கடிதம் சொன்னது. பட்டறையில் ஒரு பஸ்ஸுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டேன். வேலை செய்கிறேன் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

உன்னைத் திட்ட எனக்கு வாய் இல்லை.

அண்ணன்


ஜூன் 4

(அம்மா சொல்லச் சொல்ல எழுதுகிறேன். நான் ஒரு சொல்லும் மாற்றவில்லை. அண்ணன்.)

எப்படிம்மா இருக்கே? சாப்பிடறியா? தொண்ட சரியில்லேன்னு எழுதியிருந்தியே, தேறிடுச்சா?

எனக்கு வீக்கம் வடிஞ்சிடுச்சு. அண்ணன் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு அலையறான். உன் கடுதாசியப் படிச்சுக் காட்டுடான்னா காட்ட மாட்டேன்னான். விடாம கேட்டுப் படிக்க வெச்சுட்டேன். எதுக்குடி இத்தன நாள் கூர, கூட்டம்னு கத விட்டே? நேரா சொல்லியிருந்தா நானும் நேரா சொல்லியிருப்பேன். ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் காப்பாத்தறோம்னு கெடுத்துக்கிட்டோம்.

நீங்க அங்க சொல்றதுல தப்பு இருக்கு. சோப்பு கால் கட்டி இல்ல. கரைஞ்சு கரைஞ்சு நகம் மாதிரி ஆயிடும் பாரு, அது. தூக்கித்தான் போடுவாங்க. தலையெல்லாம் பேன், அதுக்கு எடுத்தேன். நின்னது ஒரு நாள் இல்ல, மூணு நாள். விருந்து மூணு நாளாச்சே. மொத நாள்தான் எழுதியிருப்பாங்க. மூட்ட காஞ்சா தண்ணி ஊத்தணும். ஊத்தினது அஞ்சாம் நம்பர், எம் பக்கத்துல படுக்கிறவ. எனக்கு அவமேல கோவம் இல்ல. ஊத்தலன்னா அவளும் ஏறணும். இப்ப நீங்க வெக்கிற மூட்ட பாதி கனம்கூட இல்ல.

அண்ணன் உன் மொதக் கடுதாசியப் படிக்கும்போதே தெரிஞ்சுபோச்சு. வாயே தெறக்காத பொண்ணு நாப்பது பேரச் சிரிக்க வெக்கிறாளாமேன்னு இருந்துச்சு. அதக் கெடுக்க மனசு வரல. வேற அறைக்கு மாறிட்டேன்னு நீ எழுதினத நான் நம்பல, நீ பேசறதக் கேக்கத்தான் வந்தேன். கை தூக்கணும்னு வரல. அந்தத் தம்பி நம்பரச் சொன்னதும் கை தானா போயிடுச்சு. நாப்பது வருஷம் ஆச்சு, இன்னும் அந்த நம்பருக்குத்தான் என் கை போகுது. ஏறினப்புறம் எப்ப எறங்கறதுன்னு தெரியல. எறங்கச் சொல்ற ஆளு யாரும் அங்க இல்ல.

அந்தத் தம்பிக்குப் பதிலா நீ கேட்டிருந்தா தூக்கியிருப்பேனா? தெரியலம்மா. நீ இல்லாம போனது நல்லதுன்னு ஒரு நேரம் தோணுது. இன்னொரு நேரம் தோணல.

வேலைய விட்டுடாத. ஒடம்பப் பாத்துக்கோ.


ஜூலை 15

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும் அம்மாவுக்கும்,

பதில் எழுத ஆறு வாரமாகிவிட்டது. நான் நலம் என்று எழுதத் தயக்கமாக இருக்கிறது. நோய் எதுவும் இல்லை.

தலைமை அலுவலகத்தில் அன்று என்னை நாலு மணி வரை உட்கார வைத்து, 'விண்ணப்பம் காப்பாட்சியர் வழியாக வரவேண்டும்' என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். நானும் வாயைத் திறக்காமல் திரும்பிவிட்டேன். அதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

அம்மா நின்ற படங்களில் ஒன்று காப்பாட்சியர் கைக்கு வந்தது. மணி அடிக்கும்வரை நின்றவர் யாரென்று யோசித்து, தழும்பையும் விரலையும் பதிவேட்டில் இருந்த அடையாளத்தோடு அவரே பொருத்திப் பார்த்துவிட்டார். பிடிபட்டதும் குழந்தை மாதிரி குதித்தார். "உயிரோட இருக்காங்கம்மா! நிஜமான ஏழாம் நம்பர்!" அந்தப் படத்தை ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கிக் கல்லுக்குப் பின்னால் வைக்கத் திட்டம். அந்தப் பெண்மணியைக் கண்டுபிடித்துச் சம்மதப் படிவத்தில் கைநாட்டு வாங்கி வர வேண்டும். அந்த வேலையை என்னிடமே கொடுத்தார், பதிவேட்டு அறையில் இருப்பவள் நான் என்பதால்.

படிவம் இரண்டு வாரம் என் மேசையில் கிடந்தது. இன்று காலை ஊழியர் கூட்டத்தில் அதை நிரப்பிக் கொடுத்தேன். 'சம்மதம்' என்ற கட்டத்தில் இல்லை என்று எழுதினேன். கையெழுத்திடுபவரின் உறவு என்ற கட்டத்தில் மகள் என்று எழுதினேன். காப்பாட்சியர் அதை இரண்டு முறை படித்துவிட்டு, "யாரோட மகள்?" என்று கேட்டார். ஏழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். சொன்னேன். கடைசி ஆளுக்குக் கேட்கவில்லை. இன்னொரு முறை சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். சோப்பையும் பேனையும் மூன்று நாளையும் தண்ணீர் ஊற்றியதையும் சேர்த்துச் சொன்னேன்.

யாரும் சிரிக்கவில்லை. படம் வைக்க மாட்டார்கள். விளையாட்டை என்ன செய்வது என்று மேலே எழுதிக் கேட்கப் போகிறார்களாம். பதில் வரும் வரை அது நடக்கும். இன்று மத்தியானமும் நடந்தது. என்னை அடுத்த மாதத்திலிருந்து டிக்கெட் கொடுக்கும் இடத்துக்கு மாற்றியிருக்கிறார்கள்.

சனிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். என்ன பேசுவது என்று தெரியாமல்தான் வருகிறேன். அண்ணா, இதை அம்மாவுக்கு முழுதாகப் படித்துக் காட்டு. நான் வாசலில் நிற்கும்போது அம்மா வா என்று சொன்னால் உள்ளே வருவேன்.

மகளும் தங்கையுமான
நான்